பரிந்துரை ஏற்கப்பட்டது

காரிமங்கலத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அந்த மாங்கூழ் ஆலையின் புகைக்கூண்டு தெரியும். நாலு கிலோமீட்டர் தூரம். அந்த ஆலையின் டேட்டாபேஸை எட்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. அவர்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் பெங்களூரில் இருக்கும் என் கம்பெனிக்கு எழுதுவார்கள். கம்பெனி எனக்கு எழுதும். நான் சரிசெய்து கம்பெனிக்கு எழுதுவேன். கம்பெனி அவர்களுக்கு எழுதும். இதற்கு ரிமோட் சப்போர்ட் என்று பெயர். ஸ்கூட்டியில் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடிய விஷயம் பெங்களூரைச் சுற்றிவிட்டு வந்து சேரும்.

என் பெயர் கேத்தரின். வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷமாக இதே வேலை. கொரோனா சமயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். தெருவில் விசாரித்தால் “கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுது” என்பார்கள். அது என்னவென்று நான் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கினாலும் இவர்களுக்கு ஏறாது.

ஒரு காலத்தில் என் வேலை வேலையாக இருந்தது. டேட்டாபேஸ் எந்த நேரத்தில் திணறும், எதைத் தொட்டால் படுத்துவிடும், எதைக் கொடுத்தால் எழுந்து ஓடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பேக்கப் எடுப்பேன், எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பேன். ஏற்றிப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை. இதை என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு மண்டையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் மாதவராஜ், இதே மாவட்டத்து நல்லம்பள்ளிக்காரன். அப்போது என்னை “மேடம்” என்பான். இப்போது அவன் எனக்கு மேனேஜர், அதனால் “கேத்தரின்” என்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளவுட் வந்தது. ஆலை முதலாளி சந்திரமோகன் எங்கேயோ ஒரு ஓட்டல் கூட்டத்தில் சமோசா சாப்பிட்டுவிட்டு வந்து, எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது எங்கேயோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டருக்கு, மாற்றச் சொன்னார். சர்வர் அறையில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அதோடு விட்டாரா? கேட்டில் வைத்திருந்த பேப்பர் பதிவேடுகளை எல்லாம் பழைய பேப்பர்காரரின் வண்டியில் ஏற்றி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். “காகிதத்துக்கு விடை கொடுத்தோம்” என்று தலைப்பு. முந்நூற்று இருபது லைக். அதில் ஒன்று மாதவராஜுடையது.

கிளவுடில் டேட்டாபேஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம். அப்படியானால் எனக்கு என்ன வேலை? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளவுடுக்குள் அட்வைசர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆள் இல்லை, மென்பொருள். அது டேட்டாபேஸைக் கவனித்து, இதை நீக்கலாம், அதைச் சேர்க்கலாம், மெஷினைச் சிறியதாக்கலாம் என்று பரிந்துரை அனுப்பும். பக்கத்தில் இரண்டு பொத்தான். ஏற்கிறேன், மறுக்கிறேன். நான் அதில் ஒன்றை அமுக்க வேண்டும். நானாக எதையும் மாற்றும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக டேட்டாபேஸ் வியூக ஆலோசகர் என்று ஒரு பதவிப் பெயரைக் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் படித்து உழைத்ததெல்லாம் ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதற்குத்தான் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நானும் லேசில் தலையாட்டவில்லை. ஒவ்வொரு பரிந்துரையையும் படித்தேன். தப்பென்றால் மறுத்து, காரணம் எழுதினேன். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அப்படி நான் மறுத்ததில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைக்குக் காய் கொண்டுவரும் ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு எண் உண்டு. எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தார்கள், சோதனையில் என்ன வந்தது என்று எட்டு வருஷத்து விவரம், மூன்று கோடி வரி. வெளிநாட்டுக்காரர்கள் கூழ் வாங்க இது வேண்டும். வண்டி எடை மேடையில் ஏறியதும் தோப்பு எண்ணை அடிப்பார்கள். கம்ப்யூட்டர் அந்தத் தோப்பின் பழைய விவரம் முழுவதையும் பார்த்து டோக்கன் கொடுக்கும். டோக்கன் வந்தால்தான் கேட்டுக் கம்பம் தூக்கும். மூன்று கோடி வரிக்குள்ளிருந்து ஒரு தோப்பை உடனே எடுத்துக் கொடுக்க நான் ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தேன். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று பட்டியல் இருக்குமே, அதேதான். அது இருந்தால் டோக்கன் இரண்டு வினாடி. இல்லாவிட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் முழுப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

டிசம்பரில் அட்வைசர் எழுதியது: “இந்த இண்டெக்ஸைத் தொண்ணூறு நாட்களாக யாரும் பயன்படுத்தவில்லை. நீக்கலாம். மெஷினும் சும்மா இருக்கிறது. மிகச் சிறியதாக்கலாம்.”

ஆலை வாங்கும் பெங்களூரா ரக மாங்காய் ஆனி, ஆடியில் வரும். ஆவணியில் ஆலையைப் பூட்டுவார்கள். மற்ற மாதமெல்லாம் வாட்ச்மேனும் இரண்டு நாய்களும்தான் அங்கே. இந்த மாவட்டத்தில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டாலும் சொல்வார். கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த அறிவாளி மென்பொருளுக்கு மாமரம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கும் என்பது தெரியவில்லை. மறுத்தேன். அடுத்த வாரமும் அதே பரிந்துரை வந்தது. மறுத்தேன். பிப்ரவரி வரை ஒன்பது தடவை வந்தது, ஒன்பது தடவையும் மறுத்தேன்.

மார்ச்சில் மாதவராஜ் வீடியோவில் கூப்பிட்டான்.

“கேத்தரின், உங்க அக்செப்டன்ஸ் ரேட் முப்பத்தெட்டு பர்சென்ட்தான் இருக்கு. டீம் ஆவரேஜ் தொண்ணூத்தி நாலு.”

“டீம்ல மத்தவங்க படிக்காம அமுக்குறாங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க. டூலை நம்பணும். நாமளே எதிர்த்து நின்னா, மாற்றத்துக்குத் தயாரா இல்லைன்னு மேல எடுத்துக்குவாங்க. ஏப்ரல்ல ஆள் குறைக்கிற லிஸ்ட் போடுறாங்க.”

“அந்த பேக்டரி சீசன்ல மட்டும்தான் ஓடும் மாதவராஜ். தொண்ணூறு நாளா யாரும் தொடலைன்னா மாங்கா இல்லைன்னு அர்த்தம். நல்லம்பள்ளில பொறந்துட்டு உனக்கு இது தெரியாதா?”

“எனக்குத் தெரியுதுங்க. டூலுக்குத் தெரியணுமில்ல?”

அவன் பின்னால் சுவரில் ஏதோ ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். பதினைந்து நாளில் ஆன்லைனில் வாங்குவது.

மறுநாள் காலை காபியைக் குடித்துக்கொண்டே நிலுவையில் இருந்த முப்பத்தொரு பரிந்துரைகளையும் ஏற்றேன். படிக்கவில்லை. அந்த இண்டெக்ஸ் பதினேழாவதாக வந்தது. அதை மட்டும் படித்தேன். படித்துவிட்டுத்தான் அமுக்கினேன். என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் இருந்தது. ஜூன் வரட்டும். வண்டி நிற்கும். கேட்டு தூக்காது. முதலாளி மாதவராஜைப் பிடிப்பார், மாதவராஜ் என்னிடம் ஓடிவருவான், “மேடம்” என்று ஆரம்பிப்பான். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஏப்ரலில் லிஸ்ட் வந்தது, என் பெயர் அதில் இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை, ஆலையில் சீசன் பூஜை. வருஷா வருஷம் அவர்களுடைய வழக்கம், முதல் நாள் ஒரே ஒரு வண்டிதான் உள்ளே போகும். முதலாளியின் மாமனார் தோப்பு வண்டி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு. அதைச் சோதனை ஓட்டம் என்று கணக்கில் காட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு அந்த வண்டிக்கு டோக்கன் வர ஒன்பது நிமிஷம் ஆகியிருக்கிறது. என் திரையில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஐயர் இன்னும் கற்பூரம் காட்டி முடித்திருக்க மாட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். சோதனை வெற்றி என்று மாதவராஜ் மெயில் போட்டான், கை கூப்பிய பொம்மையோடு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது என் அண்ணன் பெரியநாயகம் பிடித்துக்கொண்டார். ஊருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் பெங்களூரா தோப்பு அவருக்கு. வருஷத்துக்கு அவர் கையில் பார்ப்பது அந்த ஒரு காய்ப்புதான். இந்த வருஷம் பூவெல்லாம் மழையில் கொட்டிப்போய், மிஞ்சியது ஒரே டிராக்டர் லோடு.

“நாளைக்குக் காய் பறிச்சிரலாம்னு இருக்கறேன் பாப்பா. ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். இன்னும் பத்து நாளு வுட்டா மரத்துலயே பழுத்துரும்.”

“பறிங்கண்ணா” என்றேன்.

அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. திங்கட்கிழமை காலை அவர்கள் கதறுவார்கள், மதியத்துக்குள் நான் சரிசெய்துவிடுவேன், அண்ணனின் வண்டிக்கு ஒரு அரை நாள் தாமதம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்போது தப்பியிருக்கிறது?

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே நாற்பது வண்டி. டிராக்டர், மினி லாரி, குட்டி யானை. டோக்கனுக்கு ஒன்பது நிமிஷம், பிறகு பதினான்கு, பிறகு பாதியில் அறுந்து திரும்ப முதலிலிருந்து. நான் எதிர்பார்த்தபடியே மாதவராஜ் பதினோரு மணிக்குக் கூப்பிட்டான்.

“இண்டெக்ஸ் இல்லை. மெஷின் சின்னது. எனக்குப் பழைய உரிமையைக் கொடு, இருபது நிமிஷத்துல சரிபண்ணிடுறேன்” என்றேன்.

“கொடுக்க முடியாதுங்க. சீசன் ஃப்ரீஸ் ஆரம்பிச்சாச்சு.”

சீசன் நடக்கும்போது டேட்டாபேஸில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. நல்ல விதி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை எழுதச் சொன்னதே நான்தான். அது என்னையே தடுக்கும் என்று கணக்கில் சேர்க்கவில்லை.

“அப்ப ஃப்ரீஸை எடுக்கச் சொல்லு.”

“முதலாளி கையெழுத்து, நம்ம வைஸ் பிரசிடென்ட் கையெழுத்து, செக்யூரிட்டி டீம் கையெழுத்து எல்லாம் வேணும். வைஸ் பிரசிடென்ட் லீவுல இருக்காரு. ஆனா அட்வைசர் பண்ற மாற்றத்துக்கு ஃப்ரீஸ் கிடையாது, அது ஆட்டோமேட்டிக். அது ரெக்கமெண்ட் பண்ணினா நீங்க உடனே அக்செப்ட் பண்ணலாம்.”

“எப்ப ரெக்கமெண்ட் பண்ணும்?”

“அஞ்சு நாள் டிராஃபிக்கைப் பார்த்துக் கத்துக்கும். அதுக்கப்புறம்.”

“அஞ்சு நாள்ல மாங்கா என்ன ஆகும் தெரியுமா?”

“புரியுதுங்க கேத்தரின்” என்றான். மேடம் என்று சொல்லவே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அண்ணனின் போன். “முந்தா நாளு சொன்னேனில்ல, காய் பறிச்சு நேத்து சாய்ங்காலத்துல இருந்து லைன்ல நிக்கறேன். முன்னாடி எம்பது வண்டி நிக்குது. நீதான் கம்ப்யூட்டர்ல பெரிய வேல பாக்குற, இங்க என்னான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு.”

அந்த டேட்டாபேஸ் என் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வேறு ஆலைக்குப் போகச் சொன்னேன். அங்கேயும் சீசன்தான், கடைசியில் போய் நிற்க வேண்டும், இவர்களுடைய தோப்பு எண் அங்கே செல்லாது என்றார்.

புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நெடுஞ்சாலை ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வண்டிகள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து மாம்பழ வாசனை வந்தது. கூழ் ஆலைக்குக் காய்தான் வர வேண்டும், வழியிலேயே இவ்வளவு வாசனை வரக் கூடாது.

கேட்டில் முருகேஷ் என்று சட்டையில் பெயர் குத்திய செக்யூரிட்டி நிறுத்தினான்.

“டோக்கன் இருக்குதுங்களா?”

“நான் உங்க டேட்டாபேஸைப் பாத்துக்கிறவ. உள்ள யாராவது பெரியவங்களைப் பாக்கணும்.”

“டேட்டாபேஸ் பெங்களூருல இருக்குதுங்க” என்றான். எனக்கே பாடம் எடுக்கிறான். “டோக்கன் இல்லாம மொதலாளி வந்தாலும் கம்பம் தூக்காதுங்க. அவுரே நேத்து குனிஞ்சுதான் போனாருங்க.”

“பேப்பர்ல எழுதிக்கிட்டு உள்ள விடக் கூடாதா?”

“நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்களே.”

அண்ணனின் டிராக்டர் ஒரு புளியமரத்துப் பக்கம் நின்றிருந்தது. அவர் தார்ப்பாயை இப்படியும் அப்படியும் இழுத்து நிழல் போட்டுக்கொண்டிருந்தார். டிரெய்லரின் இடுக்கிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் எறும்பு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, எந்தங்கச்சி வந்திருச்சு” என்று பக்கத்து வண்டிக்காரர்களிடம் சொன்னார். “பெங்களூரு கம்பெனியில இருக்குது. எல்லாங் கேட்டுட்டு வந்திருக்குது.”

பத்துப் பேர் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். நான் “சர்வர் பிரச்சினை, சரியாகிடும்” என்றேன். மாதவராஜ் என்ன சொல்வானோ அதையே, அதே குரலில் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே என் மேல் அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து பத்துக்கு அட்வைசர் எழுதியது: “இந்தப் பட்டியலுக்குத் தோப்பு எண் வாரியாக ஒரு இண்டெக்ஸ் உருவாக்கலாம். வேகம் தொண்ணூற்றேழு சதவீதம் கூடும்.” என் இண்டெக்ஸ். நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது, அதே வரிசை, அதே அமைப்பு. புதிதாகக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தது. அமுக்கினேன். பத்தே முக்காலுக்கு டோக்கன் இரண்டு வினாடியில் வந்தது. கம்பம் தூக்கித் தூக்கி இறங்கியது.

அண்ணனின் வண்டி மூன்று மணிக்கு மேடையேறியது. தரம் பார்ப்பவர் நாலு இடத்தில் கையைவிட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் அழுகல் என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனும் டிராக்டர் டிரைவரும் மொத்தத்தையும் ஏரிக்கரையில் கொட்டினார்கள். ஆடுகள்கூட மேலோட்டமாகத்தான் தின்றன.

திங்கட்கிழமை கம்பெனி முழுவதற்கும் ஒரு மெயில். மனிதரும் அட்வைசரும் கைகோத்து நெருக்கடியைத் தீர்த்ததற்கு இந்தக் காலாண்டின் விருது எனக்கு. என் ஏற்பு விகிதம் நூறு சதவீதம். சந்திரமோகன் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார், கிளவுட் இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் சரியாகியிருக்காது என்று. முட்டாள்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் என்னையும் நிற்க வைத்தது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். இளைத்திருந்தார். கேட்டு திறந்ததில் என் பங்கும் இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நீ பாத்துப் பண்ணதுனாலதான் பொறகாலயாவது தொறந்துச்சாமே பாப்பா. எனக்குத்தான் கொடுத்து வெக்கல. மத்தவங்களுக்காச்சும் ஆச்சே.”

அவர் நன்றி சொல்ல வந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணா, அது நின்னதே என்னாலதான். அந்த பேக்டரி கம்ப்யூட்டரை நான்தான் பாக்குறேன். முக்கியமான ஒண்ணை எடுக்கட்டுமான்னு மிஷின் கேட்டுச்சு. ஒம்பது தடவை வேண்டாம்னு சொன்னேன். மார்ச்ல சரின்னு அமுக்கிட்டேன். சீசன்ல இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சே அமுக்கினேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படட்டும் என்றும் நினைத்தேன். அவர் சிரித்தார்.

“சும்மா இரு பாப்பா. வேல எடத்துல ஆயிரம் இருக்கும், அமுக்கச் சொல்லியிருப்பாங்க, அமுக்கியிருப்ப. அதையெல்லாம் வூட்டுக்குக் கொண்டாந்து மனசுல போட்டு ஒழப்பிக்காத.”

“இல்லண்ணா, எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும்.”

“எப்புடித் தெரிஞ்சிருக்கும்? ஞாயித்துக்கெழம கோயில்ல வெச்சு, நாளைக்குக் காய் பறிக்கறேன்னு உங்கிட்ட சொன்னேனா இல்லயா? தெரிஞ்சிருந்தா, அண்ணா ஒரு வாரம் பொறுங்கன்னு சொல்லியிருக்க மாட்டியா? ஒரு வார்த்த போதுமே. மரத்துலயாவது நின்னிருக்கும்.” என் தோளில் தட்டினார். “உனக்குத் தெரியல, அவ்வளவுதான். தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்றது?”

மாதவராஜைவிட, சந்திரமோகனைவிட, அந்த மென்பொருளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றுதான் பதினெட்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

“ஆமாண்ணா, எனக்குத் தெரியாது” என்றேன்.

“அதான் பாரு” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.